டொக்டர் சூஸின் மாணவப் பருவம்: விடுபட்ட ஒரு பக்கம்

சிறுவர் இலக்கியம் பற்றிய உரையாடல்களில் டொக்டர் சூஸின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. தியோடர் சூஸ் கைஸல் (1904–1991) என்பது அவரது இயற்பெயர். அவரது மாணவப் பருவம் சுவையான கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. அக்கதையில் விடுபட்டுப்போகும் பக்கம் பற்றியே எனது அக்கறை.

1921இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் சேர்ந்த கைஸல், ‘ஜாக்-ஓ-லான்டர்ன்’ என்ற மாணவர் நகைச்சுவைச் சஞ்சிகையில் எழுதியும் வரைந்தும் அதன் ஆசிரியரானார். நாட்டில் மதுவிலக்கு அமுலில் இருந்த காலம் அது. 1925இல் நண்பர்களுடன் தன் அறையில் ஜின் அருந்திப் பிடிபட்டார். ஆசிரியர் பதவி பறிபோனது. ஆயினும், தாயின் குடும்பப் பெயரும் தனது நடுப்பெயருமான ‘சூஸ்’ என்பதற்குள் மறைந்துகொண்டு தொடர்ந்து வரைந்தார்.

அதே ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்க ஒக்ஸ்போர்ட்டின் லிங்கன் கல்லூரிக்குச் சென்றார். விரிவுரைக் குறிப்பேட்டில் விநோத விலங்குகளே நிறைந்தன. அவற்றைக் கண்ட சகமாணவி ஹெலன் பாமர், சித்திரமே அவரது வழி என்று எடுத்துரைத்தார். பட்டம் பெறாமலே கைஸல் வெளியேறினார். 1927இல் இருவரும் மணமுடித்தனர். பெயருக்கு முன்னாலுள்ள ‘டொக்டர்’ பெறாத பட்டத்தின் மீதான பகிடிதான். 1955இல் டார்ட்மவுத்தே அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

தண்டித்த நிறுவனத்தை வென்ற கலைஞனின் கதையாக இது வாசிக்கப்படுகிறது. அது பொய்யல்ல. ஆனால் அந்த மாணவர் சஞ்சிகையில் அவர் வரைந்த கேலிச்சித்திரங்களில் கறுப்பினத்தவரும் யூதரும் இழிவுபடுத்தப்பட்டனர். தண்டனைக்குக் காரணம் ஜின், அச்சித்திரங்கள் அல்ல.

‘அக்காலம் அப்படி’ என்ற சமாதானம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஜேர்மன் வம்சாவளிச் சிறுவனாக ஏளனத்தை அனுபவித்தவர் அவர். அப்படியிருந்தும் 1942 பெப்ரவரியில், யப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் வெடிமருந்து பெற வரிசையில் நிற்பதாக ஒரு பத்திரிகைக்கு வரைந்தார். ஆறு நாட்களின் பின், அம்மக்களை முகாம்களில் அடைக்க வழிசெய்த அரசாணை வந்தது.

1953இல் யப்பான் சென்று திரும்பியவர், சிறியோரின் குரலுக்குச் செவிசாய்க்கும் யானை ஹோர்ட்டனின் கதையை 1954இல் ஒரு யப்பானிய நண்பருக்குச் சமர்ப்பித்தார். இம்மாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் 1937இல் வெளியான அவரது முதல் சிறுவர் நூல் உட்பட ஆறு நூல்களின் வெளியீட்டை, இன இழிவுச் சித்திரிப்புகள் காரணமாக, அவரது உரிமை நிறுவனமே 2021இல் நிறுத்தியது.

குறிப்பேட்டு விலங்குகளும் மாணவர் சஞ்சிகைக் கேலிகளும் ஒரே கையின் கோடுகள். ஹோர்ட்டனை நம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம், வாசிக்கவும் வேண்டும். அவரது வாழ்க்கையைச் சொல்லும்போது ஜின் கதையோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே எனது வேண்டுகோள்.