குலுக்கிப் போட்டால் மட்டும் போதுமா?

எக்லண்ட், நிக்கோல்ஸ், க்னட்சன் மூவரும் 2016-ல் பிஎன்ஏஎஸ் இதழில் எழுதிய கட்டுரையை, ‘மூளை ஸ்கேன் ஆய்வெல்லாம் குப்பை’ என்று பலர் சுருக்கிவிட்டார்கள். 40,000 ஆய்வுகள் சந்தேகத்துக்குரியவை என்ற வரியை ஆசிரியர்களே பிறகு திருத்தினார்கள். அது அவ்வளவாகப் பரவலை.

அவர்கள் செய்தது எளிய சோதனைதான். சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் எஃப்எம்ஆர்ஐ தரவை இஷ்டத்துக்குக் குரூப் பிரித்து அலசினார்கள். நூற்றுக்கு 5 தடவைதான் பொய்யான முடிவு வரணும். பிரபல மென்பொருள்களின் கிளஸ்டர் முறையில், சில அமைப்புகளில் 70 வரை வந்தது.

மாற்று, பெர்முடேஷன் டெஸ்ட். யார் எந்தக் குரூப் என்ற லேபிளைக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் பெரிய கிளஸ்டரைக் குறிக்கணும். நிஜ கிளஸ்டர் அந்த வரிசையில் மேல் 5 சதவீதத்துக்குள் வருதா என்று பார்க்கணும். பத்துப் பத்துப் பேர் என்றால் 1,84,756 வழிகள்.

ஆனால் இதைச் சர்வரோக நிவாரணி ஆக்கியதுதான் எனக்கு உறுத்துது. அதே கட்டுரையில், ஒரே குரூப்பைச் சோதித்தபோது பெர்முடேஷனும் சில தரவுகளில் 5 சதவீதத்தைத் தாண்டியது. அங்கே மாற்ற லேபிள் கிடையாது. பிளஸ், மைனஸ் குறியைத்தான் திருப்புகிறோம். பிழைகள் இருபக்கமும் சமமாக இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

நோயாளிகளைத் திருச்சி மெஷினிலும் மற்றவர்களைச் சென்னை மெஷினிலும் ஸ்கேன் செய்தால், லட்சம் தடவை குலுக்கினாலும் தெரிவது நோயா, மெஷினா என்று சொல்ல முடியாது.

எதை எதோடு மாற்றினார்கள், ஏன் மாற்றலாம் என்று கட்டுரையில் முதலில் தேடுங்க. அது இல்லையென்றால் பி மதிப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்.