அதே 425, இரு வேறு எஞ்சின்கள்

2006 ஜனவரியில் டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் டாட்ஜ் சேலஞ்சர் மாதிரிக் கார் மேடையேறியது. 1970 சேலஞ்சரின் முகச்சாயல், ஆரஞ்சு நிறம், பானெட்டுக்குள் 6.1 லிட்டர் ஹெமி வி8. அறிவித்த திறன் 425 குதிரைத்திறன். மசில் கார் பிரியர்களுக்கு இது பழகிய எண். 1966-ல் சாலைக்கு வந்த 426 கன அங்குல ஸ்ட்ரீட் ஹெமிக்கும் டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் சொன்னது இதே 425தான். அப்படியானால் நாற்பது ஆண்டுகளில் என்ன வளர்ந்தது?

பழைய ஹெமி பந்தயத்துக்கென்றே பிறந்தது. 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி வென்றார். முதல் மூன்று இடங்களையும் ஹெமி பூட்டிய பிளிமத் கார்களே பிடித்தன. கடையில் கிடைக்காத எஞ்சின் என்று 1965-ல் பந்தய அமைப்பான நாஸ்கார் அதைத் தடுத்தது. மீண்டும் களமிறங்க வேண்டுமானால் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். ஸ்ட்ரீட் ஹெமி வந்த கதை அதுதான்.

அதன் பலம், ஹெமி என்ற பெயருக்கே காரணமான அரைக்கோள வடிவ எரியறை. உள்வால்வும் வெளிவால்வும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து நிற்பதால் பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தடையின்றி வெளியேறும். பலவீனமும் அதே வடிவத்தில்தான் இருந்தது. ஆழமான அறையில் அழுத்தம் கூட்ட பிஸ்டன் தலையைக் குவித்து உயர்த்த வேண்டும். தீ மறுமூலையை எட்டுவதற்குள் நேரம் போய்விடும். எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும்.

புதிய ஹெமி அந்தக் குறையில்தான் கை வைத்தது. அறையின் ஆழத்தைக் குறைத்து, ஓரங்களைத் தட்டையாக்கினார்கள். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் என மொத்தம் பதினாறு. இரு முனையில் பற்றும் தீ வேகமாகவும் முழுமையாகவும் எரிகிறது. அமுக்க விகிதம் 10.3.

இதன் அடிப்படை 5.7 லிட்டர் ஹெமி. பிஸ்டன் ஓடும் தூரத்தை 90.9 மி.மீட்டரிலேயே விட்டுவிட்டு, சிலிண்டர் விட்டத்தை மட்டும் 99.5-லிருந்து 103 மி.மீட்டருக்கு அகட்டினார்கள். கூடுதல் வேகத்தில் சுழலப்போகும் எஞ்சினுக்கு வெப்பமே முதல் எதிரி. அதனால் பிஸ்டனின் அடிப்பக்கம் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். வெளிவால்வின் தண்டு உள்ளீடற்றது. அதற்குள் இருக்கும் சோடியம் உருகி மேலும் கீழும் ஓடி, வால்வுத் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்துகிறது. கிராங்க்ஷாஃப்ட், அடித்து உருவாக்கிய எஃகு. எரிபொருளை மிச்சப்படுத்த 5.7-ல் பாதி சிலிண்டர்களை உறங்கவைக்கும் வசதி இருந்தது. இங்கே அதைக் கழற்றிவிட்டார்கள். எட்டும் எப்போதும் உழைக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பழையது ஏழு லிட்டரில் 425. லிட்டருக்கு ஏறத்தாழ 61. புதியது லிட்டருக்கு ஏறத்தாழ 70. அளந்த முறையும் வேறு. அந்தக் காலத்து எண், துணைக்கருவிகளின் சுமை இல்லாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி எடுத்தது. 2006-ன் எண், வண்டியில் இருப்பதுபோல எல்லாவற்றையும் பூட்டி எடுத்தது. பழைய ஹெமி அறிவித்ததைவிட வலுவானது என்று அதன் ரசிகர்கள் இன்றும் வாதாடுவார்கள். அதை ஒப்புக்கொண்டாலும், 0.9 லிட்டர் குறைவாக வைத்துக்கொண்டு அதன் தோளுக்கு நிகராக நிற்பது சாதனைதான்.

இன்னொன்றுக்காகவும் இந்த எஞ்சினை மதிக்கிறேன். கண்காட்சி மேடை பிரமிப்புக்கு இடம் தரும்; 2004-ல் ஃபோர்டு ஷெல்பி கோப்ரா மாதிரி, 605 குதிரைத்திறன் வி10 எஞ்சினோடு வந்து மேடையோடு நின்றது. சேலஞ்சர் குழு, கிரைஸ்லர் 300சி எஸ்ஆர்டி8 காரில் ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே எடுத்தது. 2008-ல் சேலஞ்சர் எஸ்ஆர்டி8 விற்பனைக்கு வந்தபோது பானெட்டுக்குள் அதே 6.1 லிட்டர், அதே 425. மேடையில் கொடுத்த வாக்கு, வாங்கியவர் கைச்சாவியில் நிறைவேறியது.