எவரோடு ஒப்பிட்டு? இசட் புள்ளியும் செவ்வன் பரம்பலும்

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் இலங்கையில் புள்ளிவிபரவியல் பக்கமே போகாத பெற்றோரும் இசட் புள்ளியைப் பற்றி வாதாடுகிறார்கள். கணக்கு சிறியது. பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, மிகுதியை நியம விலகலால் வகுக்க வேண்டும். உயர்தரப் பரீட்சையில் எழுதும் மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கண்டு சராசரி எடுக்க வேண்டும். 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இம்முறையை முன்மொழிந்தவர் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். அதற்கு முன்பிருந்த வெறும் கூட்டல், கடினமான தாளில் எடுத்த 60ஐயும் இலகுவான தாளில் எடுத்த 60ஐயும் ஒன்றாகவே எண்ணியது. அதைவிட இசட் புள்ளி நேர்மையானது என்பதில் ஐயமில்லை. அந்த நேர்மை எதுவரை செல்லும் என்பதே கேள்வி.

வகுப்பறையில் இசட் தனியாக வருவதில்லை. செவ்வன் பரம்பலின் அட்டவணையைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால் இசட் 1.96 என்றதுமே நூறில் 97 பேருக்கு மேல் தமக்குக் கீழே என்று மாணவர் வாசித்துவிடுகிறார்கள். விளைச்சல் போன்ற அளவுகளுக்கு இந்த வாசிப்பு பெரும்பாலும் பொருந்தும். மண், நீர், விதை எனப் பல சிறு காரணங்கள் தம்முள் அதிகம் சாராமல் கூடும்போது மணி வடிவ வளைகோடு தானாக வந்து சேரும். பரீட்சைப் புள்ளிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரு தாளின் இடை 30, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையை அப்படியே நம்பினால் நூறில் ஏறத்தாழ 7 பேர் பூச்சியத்துக்கும் கீழே புள்ளி எடுத்திருக்க வேண்டும்! உண்மையில் அவர்கள் பூச்சியத்துக்கு மேலே நெருக்கியடித்து நிற்பார்கள். வளைகோட்டின் வால் வலப்பக்கமாக நீளும். அத்தாளில் 100 எடுத்தவரின் இசட் 3.5. இடை 60, நியம விலகல் 15 உள்ள இன்னொரு தாளில் அதே 100க்குக் கிடைப்பது 2.67. வெட்டுப்புள்ளிகள் நான்கு தசமதானத்தில் அறிவிக்கப்படுவதையும் இங்கே கவனிக்கலாம். நியம விலகல் 20 ஆனால், ஒரு பாடத்தில் ஒரேயொரு புள்ளி கூடினாலே சராசரி இசட் 0.0167 நகரும். அறிவிப்பின் கடைசித் தசமத்தைப்போல் அது 167 மடங்கு. படிப்படியாக இடப்படும் புள்ளிகளுக்குத் தொடர் மாறியின் வேடம் கட்டிவிட்டால் நுட்பம் கூடிவிடாது.

இசட் கணிப்பதற்குச் செவ்வன் பரம்பலே தேவையில்லை, அது இடத்தையும் அளவையும் மாற்றும் நேர்கோட்டு மாற்றம் மட்டுமே என்று புள்ளிவிபரவியலாளர் மறுக்கலாம். மறுப்பு சரியானது. மருத்துவ பீடத்துக்குப் போட்டியிடுவோர் எல்லோரும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற அதே மூன்றையே எழுதுவதால், அங்கே இசட் சராசரி என்பது நிறை கொடுத்த கூட்டல்தான்; பரம்பலின் வடிவம் பெரிதாகத் தொல்லை தராது. தொல்லை தொடங்குவது மாணவர் வெவ்வேறு பாடங்களோடு ஒரே வரிசையில் நிற்கும்போது, குறிப்பாகக் கலைப்பிரிவில். திறமைசாலிகள் கூடும் பாடத்தை எடுத்தவர் திறமைசாலிகளின் இடையோடு ஒப்பிடப்படுகிறார். பலரும் ஒப்புக்கு எழுதும் பாடத்தை எடுத்தவருக்கு அதே உழைப்பு உயர்ந்த இசட்டைத் தருகிறது. தாளின் கடினத்தையும் எழுதியோரின் தரத்தையும் இடை என்ற ஒரே எண் தனக்குள் கலந்து வைத்திருக்கிறது. அதைக் கழிக்கும்போது இரண்டும் சேர்ந்தே கழிகின்றன.

2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் இந்தக் கலப்பு வீதிக்கு வந்தது. பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு தாள்களை எழுதியிருக்க, இசட் புள்ளி இரு தொகுதிகளையும் சேர்த்துக் கணிக்கப்பட்டது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, தனித்தனியே கணிக்கப் பணித்தது. இரண்டு தாள்களைச் சேர்ப்பது தாள்கள் சம கடினம் என்று பொருள்படும் என்பதால் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் பிரித்துக் கணிப்பதற்கும் ஓர் எடுகோள் உண்டு: இரு தொகுதியினரும் சம திறமையினர் என்பது. பழைய திட்டத்தில் எழுதியோர் மீண்டும் தோற்றியவர்கள். முதல்முறை எழுதியோருக்கு அவர்கள் சமம் என்று எந்தத் தரவும் சொல்லவில்லை. இதே எடுகோளைத் தமிழர் முன்பே நன்கு அறிவார்கள். 1970களின் மொழிவாரித் தரப்படுத்தல், ஒவ்வொரு மொழிமூலத்திலும் தோற்றியோரின் தொகைக்கு ஏற்பத் தகுதி பெறுவோரின் தொகை அமையும்படி புள்ளிகளை மாற்றியது. அன்று தொகுதிகளைப் பிரித்தது அநீதியானது, 2012இல் பிரித்தது நிவாரணமானது. சூத்திரத்துக்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரியாது.

அப்படியானால் சதமான நிலைக்கு மாறலாமே என்பார்கள் சிலர். அது வடிவச் சிக்கலைத் தீர்க்கும். எவரோடு ஒப்பிடுவது என்ற சிக்கலை அப்படியே விட்டுவிடும். மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே, ஏற்றத்தாழ்வை அது சரிசெய்யும் என்பதும் பதிலாகாது. 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற பங்கீடு இசட் வரிசை உருவான பின்னர் வருவது. பாடங்களுக்கிடையே ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட சாய்வை அது தொடுவதில்லை. தொடக்கூடிய வழி ஒன்று உண்டு. தொகுதிகள் எல்லாம் பொதுவாக எழுதும் சில வினாக்கள் இருந்தால், அவற்றில் ஒவ்வொரு தொகுதியும் பெற்றதை வைத்துத் தாளின் கடினத்தையும் எழுதியோரின் திறமையையும் பிரித்தறியலாம். பாடத்திட்டம் மாறும் ஆண்டில் இரு தாள்களுக்கும் பொதுவாக அத்தகைய வினாக்களை வைப்பது கடினமான காரியமல்ல. கலைப்பாடங்களுக்கிடையே வைப்பதுதான் கடினம்; அங்கே குறைந்தபட்சம் ஒவ்வொரு பாடத்தின் இடையோடும் நியம விலகலோடும் புள்ளிப் பரம்பலின் படத்தையும் வெளியிடலாம்.