திரைக்கு வராத கலவரம்

திரைப்படம் காலத்தின் கண்ணாடி என்று மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் நம் படங்கள் பலவும் கலவரத்தைக் காட்டும், அது ஏன் வந்தது என்பதைக் காட்டாது என்பதே என் கருத்து.

மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்தை எடுத்துக்கொள்வோம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரில் நடந்த கலவரமே அதன் களம். தீயின் நடுவே தவிக்கும் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக் கண் கலங்காதவர் குறைவு. இரு தரப்புத் தலைவர்களும் படத்தில் வருகிறார்கள். ஆனால் இரு பக்கமும் ஒரே கோபம் என்று சொல்லிக் கதை நகர்ந்துவிடுகிறது. கடைசியில் மக்கள் கைகோத்து நிற்க, எல்லாம் அடங்கிவிடுகிறது. நிஜத்தில் அப்படியா அடங்கும்?

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) வேறு வழியில் போகிறது. 1995இல் கொடியன்குளத்தில் நடந்த போலீஸ் வன்முறையை நினைவூட்டும் படம் அது. அங்கே பஸ் நிற்காத ஒரு கிராமம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர் ஒருநாள் பஸ்ஸை அடித்து நொறுக்குகிறது. விசாரிக்க வந்த அதிகாரிக்கோ ஊர்ப் பெரியவர்களின் பெயர்களே பொறுக்கவில்லை. வன்முறையின் வேர் நமக்குப் புரிந்துவிடுகிறது.

நம் பெங்களூருக்கு வருவோம். காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் 205 டி.எம்.சி. தண்ணீர் தர இடைக்கால ஆணையிட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. இதை மையமாக வைத்த வெகுஜனத் தமிழ்ப் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வியாபாரப் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ரஜினிகாந்த் காவிரி பற்றிச் சொன்ன கருத்துக்காக 'காலா' (2018) படத்தை இங்கே வெளியிடவே எதிர்ப்பு வந்து, விஷயம் கோர்ட் வரை போயிற்று.

படம் வந்தாலும், கன்னடரை வில்லனாக்கும் படம் நமக்கு வேண்டாம். அந்த நாட்களில் எங்கள் தெருத் தமிழர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம்தான். மண்டியா விவசாயிக்கும் பயிர்க்கவலை, தஞ்சை விவசாயிக்கும் பயிர்க்கவலை. ஆனால் அடி வாங்கியவர், இரண்டு வயலும் இல்லாத பெங்களூர்க் கூலித் தொழிலாளி. அவர்மேல் கோபத்தைத் திருப்பிவிட்டது யார் என்று கேட்கும் படம்தான் வேண்டும்.

பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று வாயை அடைக்கிறோம். படம் வரும்போது வரட்டும். அதுவரை நாமாவது காரணத்தோடு சேர்த்துச் சொல்லலாமே!