வெயிலுக்கு ஒரு பாரா

நைல் கப்பல் பயணம் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளில் வெயிலுக்கு ஒரு பாரா, கோயிலுக்கு ஒரு பாரா. முதலதில் வியர்வை, தாகம், குதிரை வண்டிக்காரரோடு பேரம். அடுத்ததில் 'காலத்தை வென்ற கலை'. வியர்த்த உடம்பு கோயில் வாசலோடு காணாமல் போய்விடுகிறது. இந்தப் பிரிவினைதான் போலி என்கிறேன்.

எட்ஃபுவை எடுத்துக்கொள்வோம். லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே கப்பல்கள் வழக்கமாக நிற்கும் ஊர். ஹோரஸ் கோயில் கி.மு. 237இல் தொடங்கி 57இல் முடிந்தது. கட்டியவர்கள் கிரேக்க வம்சத்து டாலமிகள். பிரமிடுகளை வைத்துப் பார்த்தால் நேற்றைய சமாச்சாரம். திறந்த முற்றத்தைச் சுற்றி 32 தூண்கள், கொளுத்தும் வெளிச்சம். உள்ளே போகப் போகத் தரை உயர்கிறது, கூரை தாழ்கிறது. கூரைத் துளைகள் வழியே வடிகிற வெளிச்சமும் குறைந்து, கருவறையில் இருட்டு. கண் கூச வந்தவனைத்தான் இந்த இருட்டு எதிர்பார்க்கிறது. வெயிலைக் கழித்துவிட்டால் கட்டடத்தில் பாதி போயிற்று. சாதாரண எகிப்தியனுக்கு முற்றத்துக்கு அப்பால் அனுமதி கிடையாது. கருவறையில் நின்று 'பண்டைய பக்தர் கூட்டத்தின் பரவசத்தை உணர்ந்தேன்' என்பவர், அங்கே என்றுமே வராத கூட்டத்தை உணர்கிறார்.

1850இல் இந்த ஆற்றில் போன ஃப்ளாபேர், கோயில்கள் அலுப்பூட்டுவதாக எழுதிவைத்தார். (கூடப் போன மாக்ஸிம் துகாம் விடாமல் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்.) திமிர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில் பாவனை இல்லை. அந்த அலுப்பை நான் நம்புகிறேன்.

அமீலியா எட்வர்ட்ஸ் 1873-74இல் போனார். புத்தகம் 1877இல் வந்தது. அபு சிம்பலில் ராம்சேஸ் சிலையொன்றின் முகத்தில், முன்பு யாரோ அச்செடுத்தபோது ஒட்டிய சாந்து வெள்ளைத் திட்டுகளாக நின்றது. படகுக்காரர்களை ஏற்றிச் சுரண்டவைத்து, மிஞ்சிய கறைமேல் காப்பி பூசச் செய்கிறார். இன்றைய தொல்லியல்காரர் பதறுவார். ஆனால் படகுச் சமையற்கட்டும் சிலையின் முகமும் ஒரே இடத்தில் சேருகின்றன. அன்றைய பொழுது கோயிலுக்கு வெளியே நின்றுவிடவில்லை.

மறு கோடியில் அகதா கிறிஸ்டி. 1937 நாவலில் பாறை உருண்டு விழுவது அபு சிம்பலில். 1978 சினிமாவில் கல் விழுவது கர்நாக் தூண்களுக்கிடையே. கோயிலை மாற்றியும் கதைக்குச் சேதமில்லை. துப்பறியும் கதையில் இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நம் பயணக் கட்டுரையாளர்கள் கொலைகூட இல்லாமல் இதைச் செய்கிறார்கள்.

எட்ஃபு பாராவில் பெயரை மட்டும் அடித்துவிட்டு, ஆற்றில் அடுத்த நிறுத்தமான கோம் ஓம்போவை எழுதிப் பாருங்கள். அங்கே இரண்டு தெய்வங்கள், இரண்டு வாசல்கள், இரண்டு கருவறைகள். கருவறைகளுக்குக் கூரை போய்விட்டது. நடுப்பகல் வெயில் நேராகத் தரையில் விழுகிறது. பாரா ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்திவிடும், 'கருவறையின் மர்ம இருள்' உட்பட.