யோசனை பெருகினால் விளையாட்டு பெருகுமா?

கைத்தொலைபேசியில் படம் வரைந்து விளையாடும் ஒரு கேமை உருவாக்கும் சிறு குழு, ஆடுவோர் சலித்துப்போகுமுன் புதிய ஆட்டமுறை ஒன்றைத் தர நினைத்தால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து தோன்றுவதையெல்லாம் சொல்வதே வழக்கம். இந்தச் சிந்தனைக் கிளறலுக்கு விதி வகுத்தவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஒஸ்போர்ன். குறை சொல்லாதே, மனம்போல யோசி, எண்ணிக்கையைப் பெருக்கு, பிறர் சொன்னதோடு உன்னுடையதைச் சேர் என்று 1953இல் வெளியான தம் நூலில் வற்புறுத்தினார். முதல் விதியில் ஓர் அறம் இருக்கிறது: நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் வாய் திறக்கலாம். மூத்தவர் முன் பேசத் தயங்கும் நம் பணியிடங்களில் அது பெரிய காரியம். ஆனால் எண்ணிக்கையைப் பெருக்கச் சொல்லும் மூன்றாம் விதி, கொழும்பில் இயங்கும் ஒரு சிறு குழுவுக்குப் பொருந்தாது. அங்கே பஞ்சம் யோசனைக்கு அல்ல. அதைச் செய்து பார்க்கும் ஆட்களுக்கும் நாட்களுக்கும்தான்.

எண்ணிக்கை என்ற அளவுகோலிலேயே இம்முறை தோற்றுவிட்டது. 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நால்வர் கூடி யோசித்த குழுக்களை, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். தனித்து யோசித்தவர்களிடமிருந்து ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் வந்தன. டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும் நேரத்தில் எண்ணம் நழுவிவிடுகிறது. அதோடு, முதலில் சொன்னதையே மற்றவர்கள் பின்தொடர்வார்கள். 'முப்பது வினாடிக்குள் வரை', 'ஒரே நிறத்தில் வரை', 'சினிமாப் பெயர் மட்டும் வரை' எனப் பலகை நிரம்பும். ஒருவர் வரைய இன்னொருவர் கண்டுபிடிக்கும் அதே ஆட்டம்தான் இத்தனை பெயர்களில் நிற்கிறது.

ஒருவர் வரைய இன்னொருவர் கண்டுபிடிக்கும் ட்ரோ சம்திங் கேமின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2012 பெப்ரவரியில் நியூயோர்க்கிலிருந்து வந்த அந்தக் கேம் ஐம்பது நாட்களில் 50 மில்லியன் தரவிறக்கங்களை எட்டியது. ஸிங்கா நிறுவனம் ஏறத்தாழ 180 மில்லியன் டொலருக்கு அதன் உரிமையாளரான ஓஎம்ஜிபொப்பை வாங்கியது. சில வாரங்களிலேயே தினமும் ஆடுவோர் தொகை மில்லியன் கணக்கில் சரிந்தது. 2013 ஏப்ரலில் வந்த இரண்டாம் பதிப்பு புதிய சொற்களையும் வரைகருவிகளையும் சேர்த்தது; ஜூனில் ஓஎம்ஜிபொப்பின் நியூயோர்க் அலுவலகம் மூடப்பட்டது. வீழ்ச்சிக்கு ஒரே காரணம் சொல்வது நியாயமாகாது. எனினும், சேர்த்தவை எவையும் ஆடும் இருவருக்கிடையே நடப்பதை மாற்றவில்லை. 2021இல் உலகெங்கும் பரவிய பிரேசிலின் கார்டிக் போன், பழைய காகித விளையாட்டு ஒன்றை எடுத்து, ஆடுவோருக்கிடையே நடப்பதைத்தான் மாற்றியது. ஒருவர் எழுதிய வாக்கியத்தை அடுத்தவர் வரைகிறார், அந்தப் படத்தை மற்றொருவர் வாக்கியமாக்குகிறார். சரியாகக் கண்டுபிடிப்பதைவிட எப்படித் திரிந்தது என்று பார்ப்பதே அங்கே இன்பம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆடப்படும் கேமுக்குக் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை 'தமிழிலும் வேண்டும்' என்பதாகவே இருக்கும். பலகையில் அது ஒற்றை வரி. செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ட்ரோ சம்திங் பன்னிரண்டு எழுத்துக் கட்டைகளைக் கொடுத்து விடையைக் கட்டச் சொன்னது. ஆங்கிலத்தில் யானைக்கு எட்டுக் கட்டைகள் வேண்டும்; தமிழில் 'யா', 'னை' என்ற இரண்டே போதும், புதிர் உடனே அவிழ்ந்துவிடும். உயிர்க்குறிகளைப் பிரித்துக் கொடுத்தாலோ, 'ை'யை 'ன'வுக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று ஆடுபவர் திகைப்பார். இதற்கு மாறாக, சித்திரைப் புத்தாண்டுப் போட்டிகளில் நடக்கும் யானைக்குக் கண் வைத்தலைப் பாருங்கள். கண்ணில்லாத யானையைக் கரும்பலகையில் வரைந்து, போட்டியாளரின் கண்ணைக் கட்டி, கையில் வெண்கட்டியைக் கொடுத்துக் கண்ணைக் குறிக்கச் சொல்கிறார்கள். சொல் பட்டியலும் எழுத்துக் கட்டையும் இல்லாததால் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே ஆடலாம். திரையில் படம் சில வினாடிகளில் மறைய, நண்பரின் குரலைக் கேட்டு விரல் வைப்பதாக இதை மாற்றலாம். தேறுமா என்று அறிய ஒரு தாளும் ஒரு கைக்குட்டையும் போதும்.

இதையும் ஒருவர் கூட்டத்தில்தானே சொல்லியிருப்பார் என்று கேட்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் அறுபது வரிகளுள் ஒரு வரியாக, 'ஒரே நிறத்தில் வரை' என்பதற்குச் சமமாக அது நின்றிருக்கும். எது உயிருள்ளது என்று காட்டும் வழி எண்ணிக்கையிடம் இல்லை. உடனே சோதித்தால் விசித்திரமான யோசனைகள் முளையிலேயே கருகும் என்ற அச்சம் இன்னும் வலுவானது. சோதிப்பவர் குறைகாண்பவராக இருந்தால் அது உண்மைதான். ஆடிப் பார்ப்பதோ அப்படியல்ல. பேச்சில் அசட்டுத்தனமாகத் தோன்றியது ஆட்டத்தில் சிரிப்பை வரவழைத்தால், எந்த மூத்தவராலும் அதைத் தள்ள முடியாது. ஆகவே கூட்டத்தைக் கைவிட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதட்டும். ஆடுபவர் செய்வதை எது மாற்றுகிறது என்று பார்த்து இரண்டு மூன்றைத் தாளில் ஆடட்டும். அதன் பிறகு கூடிப் பேசட்டும். புதியவரின் குரலைக் காக்க ஒஸ்போர்ன் வகுத்த விதி அங்கேதான் முழுப் பயன் தரும், ஏனெனில் அப்போது அவர் கையில் ஆடிக் காட்ட ஒன்று இருக்கும்.