பாட்டு நினைவிருக்கிறது, படம்?

மகேந்திரன் இயக்கி 1980இல் வந்த ‘ஜானி’ பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பல, படத்தைப் பற்றியவை அல்ல. அதன் பாடல்களை எந்த ஊரில், யார் வீட்டு வானொலியில், எந்த வயதில் கேட்டோம் என்பதைப் பற்றியவை. இவ்வகை எழுத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் ஊர்களில் படத்துக்கு முன்பே பாட்டு வீட்டுக்குள் வந்துவிடும். இலங்கை வானொலியும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் டீக்கடையும் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. படம் உள்ளூர்க் கொட்டகைக்கு வருவதற்குள் அவரவர் மனதில் பாட்டைச் சுற்றி ஒரு கதை வளர்ந்திருக்கும். அந்தக் கதைகளும் தமிழ் சினிமா வரலாற்றின் பகுதிதான். வசூல் கணக்கில் அவை கிடைக்கா.

அந்தப் படத்தின் ‘காற்றில் எந்தன் கீதம்’ எனக்குக் கேசட்டில் அறிமுகமானது. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கடையில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். என் கேசட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று மேலே எழும். பாடகி ஜானகியின் குரல் அங்கேயே அறுந்துவிடும். அதனால் எனக்கு அது தீராத பிரிவின் பாட்டு. படத்திலோ கொட்டும் மழையிலும் கதாநாயகி அர்ச்சனா பாடிக்கொண்டே இருக்கிறாள். அவள் காதலிக்கும் ஜானி வந்து சேர்கிறான். பிரிவு முடிகிற இடம் அது.

என் கேசட் செய்ததைத்தான் நம் நினைவுக் கட்டுரைகளும் செய்கின்றன. பாடல்களோடு சேர்ந்து அர்ச்சனாவும் ஜானியும் நிற்கிறார்கள். ரஜினியின் இன்னொரு வேடமான வித்யாசாகர் காணாமல் போகிறான். முடிதிருத்தும் தொழிலாளி, காசைக் கெட்டியாகப் பிடித்து வைப்பவன், ஏமாற்றிய பாமாவையும் அவள் காதலனையும் கொன்றவன், ஜானியின் முகத்தை வைத்துக்கொண்டு அர்ச்சனாவின் வீட்டில் ஒளிந்து, அவள் காட்டும் அன்பில் மனம் மாறுகிறவன். படத்தின் பாதி எடை அவன் மேல்தான் இருக்கிறது. இரண்டு வேடங்களில் ரஜினிக்குக் கடினமானதும் இதுதான். ஆனால் அவனை நினைத்து யாரும் பாட்டை முணுமுணுப்பதில்லையே!

இன்னொன்றும் விட்டுப்போகிறது. கல்லூரி நாட்களில், எம்.ஜி.ஆர். இருந்த மேடையிலேயே சினிமா டூயட்களின் செயற்கைத்தனத்தைக் கேள்வி கேட்டவர் மகேந்திரன். அவர் ஏன் இத்தனை பாடல்கள் உள்ள படத்தை எடுத்தார்? கதாநாயகியைப் பாடகியாக்கியதில் விடை இருக்கிறது. அர்ச்சனாவின் பாட்டு அவள் தொழில், அவளுடைய அழைப்பு; அது இல்லாமல் கதை நகராது. ஸ்ரீதேவி அடங்கிய முகத்தோடு நடித்ததும், ஒளிப்பதிவாளர் அசோக்குமார் அந்த முகத்தை அவசரமில்லாமல் காட்டியதும், இளையராஜாவின் இசையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாட்டை மட்டும் பிய்த்தெடுத்து நம் பதின்பருவத்தில் ஒட்டிவைத்தால் இந்தப் பிணைப்பு கண்ணில் படாது. ‘அந்தக் காலம் போல வருமா’ என்று இளையவர்களின் வாயை அடைக்க இதே நினைவைப் பயன்படுத்துவது அதைவிட மோசம்.

கேட்டவரின் வாழ்க்கைக்கு நினைவு நல்ல சாட்சி. படத்தின் தரத்துக்கு அந்தச் சாட்சியம் போதாது. ‘ஜானி’ பற்றி அடுத்து எழுத உட்காருபவர்களே, உங்கள் ஊரையும் வானொலியையும் தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன் ஒருமுறை முழுப் படத்தையும் பார்த்துவிடுங்கள். வித்யாசாகருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.